கண்மட்டம் ஐந்தடி

எங்கள் கம்பெனியில் அளக்காத பொருள் கிடையாது. அளவைக் கருவி செய்கிற மத்திய அரசு நிறுவனம் அது. ஹைதராபாத்தில் மல்லாபூரைத் தாண்டிப் போனால் பாறைகளுக்கு நடுவே ஒரு பெரிய வளைவு, வளைவுக்குள்ளே கொடிக்கம்பம், புல்வெளி, புல்லில் நடக்காதே என்று மூன்று மொழியில் பலகை. தலைமுடியின் கனத்தில் பாதியைக்கூட அளந்து சொல்லும் கருவியெல்லாம் நாங்கள் செய்தோம். வாங்கினவர்கள் கம்மி. கருவியில் குறையில்லை, நாட்டு மக்களுக்கு அளக்கிற பழக்கம் இன்னும் வரவில்லை என்று வருடாந்திர அறிக்கையில் என் கையாலேயே டைப் அடித்திருக்கிறேன்.

நான் புருஷோத்தமன், நிர்வாகப் பிரிவில் ஸ்டெனோ. அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறை, பூர்வீகம் அரக்கோணம். கமிட்டி கூடினால் மூலையில் இருந்து பேசினதையெல்லாம் எழுத வேண்டியது என் பொறுப்பு. அபிப்பிராயம் சொல்வது என் பொறுப்பில்லை. அந்தக் கடுப்பெல்லாம் உள்ளேயே தங்கிப்போய் இப்போது இப்படி வெளியே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பச்சை எழுத்து மின்னும் ஆறு திரைகள், ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் கனம். அதில் ஒன்றை அபயாம்பாளின் மேஜையில் வைத்தார்கள்.

அபயாம்பாள் மாயவரத்துக்காரம்மா. வீட்டுக்காரர் ராமசுவாமி எங்களிடம் ஃபிட்டராக இருந்தவர், வேலை நேரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கருணை அடிப்படையில் அந்தம்மாவுக்கு வேலை கிடைத்தது. கருணைக்கும் எங்களிடம் அளவு உண்டு. இரண்டு வருஷம் தற்காலிகம், முடிவில் வேகத் தேர்வு. மணிக்கு எட்டாயிரம் சாவி தட்டினால் வேலை நிரந்தரம். தட்டாவிட்டால் வேலையும் போச்சு, கம்பெனி குவார்ட்டர்ஸும் போச்சு. மகள் ஜலஜா இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்பதற்கு விதிகளில் இடமில்லை.

முதல் வருஷம் அந்தம்மா ஒன்பதாயிரம் தட்டினாள். அதைப் பார்ப்பதே ஒரு சுகம். பருப்புப் புடைக்கிற மாதிரி விரல்கள் பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்குப் பக்கத்து சீட்டில் பேசும்.

கேடு மேஜையில்தான் இருந்தது. அவள் கிரேடுக்கு மூன்றடிக்கு இரண்டடி மேஜை. திரையை வைத்தால் காகிதம் வைக்க இடமில்லை, காகிதம் வைத்தால் கீபோர்டு வைக்க இடமில்லை. கடைசியில் திரை வலது மூலையில், காகிதம் இடது மூலையில், கீபோர்டு மடியில். நாள் முழுக்கக் கழுத்து ஒரு பக்கம் திரும்பி, மோவாய் மார்பில் முட்டி, அப்படியே உட்கார்ந்திருப்பாள். இரண்டாம் வருஷம் பிறந்தபோது வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. தோசைக்கரண்டி கை நழுவி விழுகிறது என்றாள்.

கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் விஜயகுமாரி தெலுங்குக்காரர், நல்ல மனுஷி. "மாத்திரை தர்றேன்மா, அது வலிக்கு. நரம்பு நசுங்குது பாருங்க, அதுக்கு மருந்து நா தெக்கிர லேது, என்கிட்ட இல்லே. அந்தப் பொட்டி நேரா வரணும், கண்ணு மட்டத்துல நிக்கணும். இல்லேன்னா அந்தக் கை உங்களுக்கு இல்லேன்னு நெனச்சுக்கோங்க" என்று சொல்லி, அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மருந்து ஸ்டோரிலேயே இருந்தது. ஆறு திரைகளோடு ஆறு மானிட்டர் ஆர்மும் கப்பலில் வந்திருந்தன. மேஜை விளிம்பில் முடுக்கிவிட்டால், மடங்கி நிமிரும் இரும்புக் கை திரையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். ஏற்றலாம், இறக்கலாம், முகத்துக்கு நேரே இழுக்கலாம். மேஜை காலியாகிவிடும். கூட வந்த புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒற்றை விரலால் திரையைத் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு அபயாம்பாள் நிர்வாக மேனேஜர் பாலசுப்ரமணியனிடம் வந்தாள். நான் பக்கத்தில் நோட்டோடு இருந்தேன்.

"பாருங்கோம்மா, மேஜைங்கறது வெறும் பலகை இல்லை. அது மனுஷாளோட அந்தஸ்து" என்றார் அவர். "உங்க கிரேடுக்கு ஒரு பேனா ஸ்டாண்டு, ஒரு டம்ளர், மூடியோட. மேலே கண்ணாடி விரிக்கணும்னா அசிஸ்டென்ட் மேனேஜர் ஆகணும். மணி வெச்சுக்க டெபுடி மேனேஜர் ஆகணும். இந்த ஆர்ம் இறக்குமதிச் சாமான். அது மேனேஜர்லேருந்துதான் ஆரம்பம்."

"மேனேஜருங்ககிட்ட கம்ப்யூட்டரே இல்லிங்களே சார்."

"எப்படி இருக்கும்? தட்டறது கிளார்க் வேலை. அவாளுக்கு ஆர்ம் உண்டு, கம்ப்யூட்டர் கிடையாது. உங்களுக்குக் கம்ப்யூட்டர் உண்டு, ஆர்ம் கிடையாது. எல்லாருக்கும் ஒண்ணு கொடுத்திருக்கோம். இதுல அநியாயம் எங்கே இருக்கு, நீங்களே சொல்லுங்கோ."

அபயாம்பாள் படத்தையும் சீட்டையும் மடித்துக்கொண்டாள். எப்போதும்போல நான் எழுதிக்கொண்டேன்.

ஐந்து ஆர்ம்கள் ஐந்து அதிகாரிகளின் மேஜைக்குப் போயின. ஜெனரல் மேனேஜர் சக்ரபாணி அதில் பெருமாள் படத்தை மாட்டினார். காலையில் பெருமாளை முகத்துக்கு நேரே இழுத்துச் சேவித்துவிட்டு மறுபடி சுவரோரம் தள்ளிவிடுவார். நிதி மேனேஜர் மேஜை ஃபேனை வைத்தார். பாலசுப்ரமணியன் டிபன் கேரியரைத் தொங்கவிட்டார். மத்தியானம் மணியடித்ததும் தயிர்சாதம் தானாக அவரை நோக்கி வரும். ஆறாவது ஆர்ம் விஜிலென்ஸ் மேனேஜருக்கு உரியது. அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஆர்ம் அவருக்காகப் பெட்டியில் காத்திருந்தது.

அபயாம்பாள் சும்மா இருக்கவில்லை. இரண்டு செங்கல்லைக் காகிதத்தில் சுற்றித் திரைக்கு அடியில் வைத்தாள். செங்கல் சிவில் பிரிவின் சொத்து என்று செக்யூரிட்டி வந்து தூக்கிக்கொண்டு போனான். டூல்ரூமில் அப்துல் ரஹீமிடம் போய்க் கேட்டாள். ராமசுவாமிக்குக் கூட்டாளி அவர், வேலூர்ப்பக்கம், மூன்று தலைமுறையாய் ஹைதராபாத்.

"ஹவ் அம்மா, இது என்ன பெரிய வேலை, ஒரு பைப்பு, ரெண்டு கிளாம்பு" என்றார் ரஹீம். "ஆனா வேலைச்சீட்டு இல்லாம இங்க ஒரு தீப்பொறி பறந்தா அடுத்தது என் மேல சார்ஜ்ஷீட்டு பறக்கும். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல நக்கோ அம்மா, வேணாம். கோவிச்சுக்காதீங்க."

கடைசியில் ஜெனரல் மேனேஜருக்கே மனுப் போட்டாள். சக்ரபாணி இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. உடனே ஒரு கமிட்டி போட்டார். அதன் பெயர் திரை உயர நிர்ணயக் குழு. முதல் கூட்டத்தில் அவர் பேசினதை அப்படியே தருகிறேன், என் சுருக்கெழுத்தில் பிசகு இருக்காது.

"நாம அளவைக் கருவி பண்றவா. ஒரு அம்மா வந்து, தன்னோட கண்ணு இன்ன உயரத்துல இருக்குன்னு தானே சொல்றா. இதை நாம ஒத்துண்டா என்ன ஆகும்? நாளைக்கு ஒவ்வொருத்தனும் என் கண்ணு என் இடத்துல இருக்குன்னு கிளம்புவான். அப்புறம் நிறுவனம்னு ஒண்ணு எதுக்கு? முதல்ல கம்பெனிக்குன்னு ஒரு கண்மட்டம் நிர்ணயம் ஆகணும். எல்லாரையும் அளப்போம். நானே கூட வரேன்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அபயாம்பாளின் தலையெழுத்து மாறியது.

அளப்பதற்கென்றே ஆளுயரக் கருவி ஒன்று டூல்ரூமில் தயாரானது. பளபளவென்று, அடியில் சக்கரம் வைத்து. இரண்டு பேர் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, பின்னால் ஜெனரல் மேனேஜர், அவர் பின்னால் பாலசுப்ரமணியன், கடைசியில் நான். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் கண் உயரத்தை அளக்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் ஜெனரல் மேனேஜர் அறைக்குள் நுழைந்தால் எங்கள் கம்பெனியில் எவனாவது உட்கார்ந்திருப்பானா? அக்கவுண்ட்ஸில் நுழைந்தோம், அத்தனை பேரும் எழுந்தார்கள். ஸ்டோரில் எழுந்தார்கள். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்தார்கள். உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை, சொல்லும் வழக்கமும் இல்லை. நின்றபடியே எல்லோரையும் அளந்தார்கள். நின்றபடியே நானும் எழுதினேன்.

கம்ப்யூட்டர் அறையிலும் அதேதான். அபயாம்பாள் மட்டும் தயங்கித் தயங்கி வாய் திறந்தாள்.

"சார், நாங்க உக்காந்து பாக்கிற வேலைங்க. உக்காந்த மாதிரி அளந்தீங்கன்னா..." என்று சொல்லிக்கொண்டே காட்டுவதற்காக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பாலசுப்ரமணியனுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னம்மா இது, ஜி.எம். நிக்கறார், நீங்க பாட்டுக்கு உக்காரறேளே. எழுந்திருங்கோ முதல்ல."

"போகட்டும் பாலு, அவாளுக்கு உடம்பு சரியில்லை" என்றார் சக்ரபாணி பெருந்தன்மையாக. "அளந்து முடிக்கட்டும், அப்புறம் உக்காந்துக்கட்டும்."

எழுந்து நின்றாள். குள்ளமான உடம்பு. நாலரை அடி என்று வந்தது அவள் கண்மட்டம். காவல்காரர்கள், லாரி டிரைவர்கள், வராந்தாவில் நின்றதால் தபால்காரர் உட்பட எல்லோரையும் சேர்த்துச் சராசரி போட்டதில் கம்பெனியின் கண்மட்டம் ஐந்தடி என்று தீர்மானமாயிற்று. டெல்லிக்கும் எழுதினார்கள். டெல்லி பாராட்டியது.

சோதனை முறையில் ஆறாவது ஆர்மை அபயாம்பாளுக்குக் கொடுக்க உத்தரவு வந்தது. சந்தோஷத்தில் அவள் பூந்தி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், நானும் தின்றேன். ஐந்தடியில் வைத்தால் என்ன, ராத்திரியோடு ராத்திரியா இறக்கிக்கலாம் அண்ணே என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏறி இறங்குகிற சாமான்தானே.

அதைத்தான் கமிட்டி கடைசிக் கூட்டத்தில் விவாதித்தது.

"ஏறி இறங்கற வஸ்துவுக்கு நாம எப்படி சர்ட்டிஃபிகேட் கொடுக்கறது?" என்று கேட்டார் சக்ரபாணி. "இன்னிக்கு அஞ்சடி, நாளைக்கு நாலடி. அளவைக் கருவி கம்பெனிக்குள்ள இப்படி நெலையில்லாத சாமான் இருக்கறது நமக்கே அசிங்கம். மூட்டெல்லாம் வெல்டிங் பண்ணிடுங்கோ."

இந்தத் தடவை வேலைச்சீட்டு முறைப்படி வந்தது. ஐந்தடிக்கு எட்டுவதற்காக மேஜையோடு ஒரு கம்பத்தை நிறுத்தி, ஆர்மை அதில் ஏற்றி ரஹீம்தான் வெல்டிங் வைத்தார். வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யா அல்லா, ராமசுவாமி சம்சாரத்துக்கு இந்தக் கையால இதைச் செஞ்சேனே" என்றார். இன்ஸ்பெக்‌ஷன்காரர் வந்து அளந்து, ஐந்தடி சரி என்று ஈய முத்திரை குத்திவிட்டுப் போனார்.

தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். உட்கார்ந்து பார்த்தால் திரை கோபுரக் கலசம் மாதிரி மேலே நின்றது. அபயாம்பாள் நிர்வாகத்தில் வந்து சொன்னாள். எழுந்து நின்னு பாருங்கோ என்றார் பாலசுப்ரமணியன். நின்றாள், அப்போதும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. கீபோர்டோ கீழே மேஜையில் இருந்தது. மேலே பார்த்துக் கீழே குனிந்து தட்டினாள். பார்க்கப் பொறுக்காமல் ரஹீம் ஒரு சாயங்காலம் அந்தக் கம்பத்திலேயே ஒரு சின்னப் பலகையைப் பொருத்திக் கீபோர்டை அதில் வைத்தார். அந்த நல்லதும் வினையாகப் போயிற்று.

ஏனென்றால் இப்போது மேஜை காலியாக இருந்தது. மேஜையில் இடம் மிச்சமாகும் என்று அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் புத்தகத்திலேயே போட்டிருந்தது. நிதி மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, மூன்றடிக்கு இரண்டடி இடம் மிச்சம் என்று அறிக்கை கொடுத்தார். கம்பத்தைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு மேஜையை எடுத்துப் போனார்கள். மேஜை போன பிறகு நாற்காலி தனியாக நின்றது. எப்போதும் நின்றுகொண்டே வேலை செய்கிறவருக்கு நாற்காலி எதற்கு என்று அடுத்த வாரம் அதையும் எடுத்துப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்தம்மா ஃபைல் அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். டப்பாவைத் திறக்க இடது கைதான்.

டாக்டர் விஜயகுமாரி கோபமாக ஒரு கடிதம் போட்டார். நான்தான் பதில் டைப் அடித்தேன். திரை கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்றீர்கள், கம்பெனியின் கண்மட்டத்தில் இருக்கிறது. குனிந்து உட்காரக் கூடாது என்றீர்கள், ஊழியர் உட்காருவதே இல்லை. தங்கள் ஆலோசனை முழுமையாக நிறைவேற்றப்பட்டது, நன்றி.

இட மிச்சத்துக்காக டெல்லியிலிருந்து ஒரு கேடயம் வந்தது. பத்திரிகைக்குப் படம் எடுக்க அபயாம்பாளை ஆர்ம் பக்கத்தில் நிறுத்தினார்கள். கேமராவைப் பாருங்கம்மா என்றான் படமெடுக்க வந்தவன். கழுத்துத் திரும்பவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தம்மாவை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுப் பாலசுப்ரமணியன் ஆர்மைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். படம் நன்றாக வந்திருந்தது.

அப்புறம் வேகத் தேர்வு. ஒரு மணி நேரம், கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி, குறித்துக்கொள்ள நான். பாதி நேரத்துக்குள் வலது கை பலகையிலிருந்து நழுவிப் பக்கத்தில் தொங்கிவிட்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீதி நேரம் முழுக்க ஒற்றை இடது கையால், அண்ணாந்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினாள். ஒன்பதாயிரம் தட்டினவள் நாலாயிரத்தைத் தாண்டவில்லை. நான் கூடப் போட்டு எழுதலாம் என்று பார்த்தேன், மெஷினே கணக்குக் காட்டிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது.

மறுநாள் ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அபயாம்பாள் மேஜைக்கு இந்தப்பக்கம் நின்றாள். பெருமாள் சுவரோரம் இருந்தார். நான் மூலையில்.

"தேர்வுல தோத்தவாளுக்கு வேலை இல்லைங்கறது விதி" என்றார் சக்ரபாணி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. "குவார்ட்டர்ஸும் காலி பண்ணணும். ஆனா நான் ரெண்டு நாளா யோசிச்சேன். நாம மனுஷாளா இல்லையா? ஒரு வழி இருக்கு."

அபயாம்பாள் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை பாத்து உடம்பு கெட்டுப்போனவான்னு உங்களை விலக்கினா, வாரிசுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். வீடும் உங்ககிட்டயே இருக்கும். டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கிண்டு வாங்கோ. உங்க கழுத்தும் கையும் போயிடுத்துன்னு கம்பெனி மனப்பூர்வமா ஒத்துக்கும். அதுல ஒரு ஆட்சேபணையும் வராம நான் பாத்துக்கறேன்."

"வாரிசுன்னா ஜலஜாதானுங்க சார்" என்றாள் அவள் மெதுவாக. "பாலிடெக்னிக்ல சேரணும்னு இருக்கா. இடமும் கெடைச்சிருக்கு."

"வீடு இல்லாம பாலிடெக்னிக் எங்கேருந்து போவா?"

கேள்வியில் தப்பு இல்லையே. வீட்டில் அந்தப் பெண் இதை எப்படிக் கேட்டுக்கொள்ளப்போகிறது என்று நினைத்துப் பார்த்தேன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண், ஆயிரம் ஆசையோடு திரிகிற வயசு.

"சரிங்க சார்" என்றாள் அபயாம்பாள்.

சக்ரபாணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை எடுத்தார். "பேரு ஜலஜா. வயசு?"

"பதினேழு முடியப்போவுது."

"பதினெட்டு ஆனதும் சேத்துண்டுடலாம். அதே சீட்டுதான், அதே ஆர்ம். உயரம் எவ்வளவு இருப்பா?"

அபயாம்பாள் யோசித்தாள். "என்னைவிட ஒசரம் சார். அஞ்சடி ரெண்டங்குலம் இருக்கும். இன்னும் வளர்றா."

அவர் பேனாவை வைத்துவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு ஒரு நல்ல சேதி சொல்கிற மாதிரி முன்னால் சாய்ந்தார்.

"இன்னும் ரெண்டங்குலம் வளந்தா கண்ணு சரியா அஞ்சடிக்கு வந்துடும். அதோட நிறுத்திக்கச் சொல்லுங்கோ. வெல்டிங் பண்ணினது பாருங்கோ, மாத்த முடியாது."

"சொல்றேங்க சார்" என்றாள் அபயாம்பாள்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் செய்வாள். அன்றைக்கு என் நோட்டில் அதற்கு மேல் ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை.